எப்படி இயங்குகிறது? சார்ஜிங் போர்ட்டும் கேஸ் அடுப்பும்

இரண்டு பர்னர் அடுப்பில் ஒன்று எரிந்து மற்றது எரியாவிட்டால் யாரும் சிலிண்டரைக் குறை சொல்வதில்லை. இரண்டுமே எரியவில்லை என்றால்தான் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்போம், ரெகுலேட்டரைத் திருப்பிப் பார்ப்போம், டியூபைத் தடவிப் பார்ப்போம். இந்த வரிசையை நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் லேப்டாப்பில் சார்ஜ் ஏறாதபோது மட்டும் “போர்ட் போச்சு” என்று முடிவு கட்டி, பையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். தாகூர் அரசு கலைக் கல்லூரி, மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக், காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு நிறுவனம் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. மாடி போர்ஷன்களில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு மேசை கிடையாது. லேப்டாப் பாயிலும் கட்டிலிலும் மடியிலுமாக ஓடுகிறது. சார்ஜர் வயர் ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டே கிடக்கிறது. கடலும் பக்கம், காற்றில் உப்பும் உண்டு. போர்ட்டுக்கு இவை எதுவுமே நல்லதில்லை.

அடுப்பை மனதில் வைத்துக்கொண்டு மின்சாரம் போகும் வழியில் நடந்து பார்ப்போம். சுவரில் வருவது 230 வோல்ட். சிலிண்டரில் இருக்கும் கேஸைப் போல அதை அப்படியே உள்ளே விட முடியாது. வீட்டு ரெகுலேட்டர் சிலிண்டரின் அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவுக்கு இறக்கித் தருகிறது. நாம் ‘சார்ஜர்’ என்று சொல்லும் அடாப்டர் செய்வதும் அதே வேலைதான்: 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 19 அல்லது 20 வோல்ட் நேர்மின்னோட்டமாக இறக்குகிறது. அதிலிருந்து வரும் வயர்தான் டியூப். டியூப் செருகும் பித்தளை முனைதான் போர்ட். அதற்கு உள்ளே, மதர்போர்டில், அடுப்பின் திருகு போல ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து இரண்டு பர்னர்: ஒன்று லேப்டாப்பை ஓட்டுகிறது, மற்றது பேட்டரியை நிரப்புகிறது.

இந்த இரண்டு பர்னரை நினைவில் வைத்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். சார்ஜர் மாட்டியிருக்கும்போது லேப்டாப் தடையில்லாமல் ஓடுகிறது, பேட்டரி சதவீதம் மட்டும் ஏறவில்லை. அப்படியானால் மின்சாரம் போர்ட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்று பொருள். பேட்டரி மூப்படைந்திருக்கலாம், நிரப்பும் சுற்று பழுதாகியிருக்கலாம், குறைந்த வாட் சார்ஜர் மாட்டியிருக்கலாம். எந்தப் பழுதும் இல்லாமலும் இருக்கலாம். பேட்டரியின் ஆயுளைக் காக்க 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் அமைப்பு இப்போது பல லேப்டாப்களில் உண்டு. அதை யாரோ போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். நல்ல மெஷின் சர்வீஸ் கடை வரிசையில் நிற்கும்.

பழைய வட்ட முனை சார்ஜரில் வழி நேரடியானது. பின் உட்கார்ந்தால் மின்சாரம் போகும். நடுவில் மெல்லிய ஊசி உள்ள வகைகளில் அந்த ஊசிதான் சார்ஜர் யாருடையது, எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்கிறது. ஊசி வளைந்தால் சார்ஜரை அடையாளம் தெரியவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும், சார்ஜ் ஏறாது.

டைப்-சி இன்னும் ஜாக்கிரதையான ஏற்பாடு. தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ள அடுப்பில், திருகைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சுடரின் சூட்டை உணர்ந்த பிறகுதான் வால்வு திறந்தே நிற்கும். டைப்-சி சார்ஜரும் எதிரே ஆள் இருப்பதை உறுதி செய்துகொள்ளும்வரை எதையும் விடாது. முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும். பிறகு வயருக்குள் இருக்கும் தனி இழை வழியே லேப்டாப்பும் சார்ஜரும் பேசிக்கொண்டு 9, 15, 20 வோல்ட் என்று ஏறும். போர்ட்டின் 24 தொடுமுனைகளில் இந்தப் பேச்சுக்கு உரியவை இரண்டே. அங்கே அழுக்கு அடைந்தால் பேச்சு நடக்காது. மின்சாரம் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும் அல்லது வரவே வராது. ‘ஸ்லோ சார்ஜர்’ என்று திரை சொல்வதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

போர்ட் உண்மையிலேயே கெடுவது எப்படி? டைப்-சி போர்ட் 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. ஒரு நாளைக்கு நான்கு முறை என்றாலும் ஆறு வருடங்களுக்கு மேல் வரும். தேய்மானம் முதலில் வயரைத்தான் பிடிக்க வேண்டும் என்பதற்காக, வளைந்து கொடுக்கும் வில் பாகங்களை வயர் பக்கமே வைத்திருக்கிறார்கள். அதனால் எண்ணிக்கையால் சாகும் போர்ட் குறைவு. பக்கவாட்டு நெம்புதலால் சாவதே அதிகம். செருகிய வயரோடு லேப்டாப்பைத் தூக்குகிறோம், கட்டிலில் கிடக்கும்போது முழங்கால் வயர் மேல் படுகிறது. ஒவ்வொரு முறையும் போர்ட்டின் கால்களைப் போர்டோடு பிடித்திருக்கும் ஈயப் பற்று கொஞ்சம் அசைகிறது. பழுது பார்ப்பவரின் மேசையில் பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் தெரியும்: காலைச் சுற்றி, பளபளப்பான ஈயத்தில், முடி போல ஒரு வட்ட விரிசல். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வயரை ஆட்டும்போதெல்லாம் சார்ஜ் விட்டு விட்டு ஏறுவது அந்த விரிசலின் வேலை.

தளர்ந்த இணைப்பு விட்டு விட்டு ஏறுவதோடு நிற்காது. 65 வாட் சார்ஜர் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர் அனுப்புகிறது. தொடும் இடத்தில் அரை ஓம் தடை கூடினால் அந்தச் சிறு இடத்திலேயே 5 வாட்டுக்கு மேல் சூடாகிறது. பிளாஸ்டிக் இளகும், முனை கறுக்கும், தடை இன்னும் கூடும். கேஸ் கசிந்தால் வாடை காட்டிக்கொடுப்பதற்கென்றே அதில் மணமூட்டி கலக்கிறார்கள். இங்கே வாடை வரும்போது ஏதோ ஒன்று கருகத் தொடங்கியிருக்கும். போர்ட் பக்கம் கை வைக்க முடியாத சூடு தெரிந்தால் அந்த நிமிடமே பிடுங்கிவிடுங்கள்.

அடுப்போடு ஒப்பிட முடியாத ஓர் இடமும் உண்டு. அடுப்பு கேஸைச் சேமிப்பதில்லை, லேப்டாப் சேமிக்கிறது. போர்ட் சந்தேகம் வந்த நொடியில் பேட்டரியில் 30 சதவீதம் இருந்தால், உங்களுக்கு மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். ஆட்டிப் பார்ப்பதில் அதைச் செலவழிக்காதீர்கள். முதலில் பிராஜெக்ட், படங்கள், சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் மெஷினாக இருந்தால் பிட்லாக்கர் மீட்புச் சாவியையும் குறித்து வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல லேப்டாப்களில் டிஸ்க், நமக்கே தெரியாமல், பூட்டப்பட்டிருக்கும். சர்வீஸில் மதர்போர்டை மாற்றினால் புதிய போர்டு அந்தப் பூட்டைத் திறக்காது, சாவியைக் கேட்கும். சாவி இல்லை என்றால் டிஸ்க்கில் இருப்பது உங்களுடையதே ஆனாலும் கிடைக்காது.

பிறகு கேஸ் கசிவைத் தேடுவது போல ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். வேறு சுவர் பிளக். வேறு வயர். அதே வாட் உள்ள நண்பரின் சார்ஜர். வயரின் கழுத்தை ஆட்டினால் விட்டு விட்டு வருகிறதா, போர்ட் வாயில் ஆட்டினால் வருகிறதா? மெஷினை அணைத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் உள்ள சிறு நாக்கு நேராக இருக்கிறதா, கறுத்திருக்கிறதா, பச்சை படிந்திருக்கிறதா? பஞ்சு அடைத்திருந்தால் மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊக்கு, ஊசி எதுவும் வேண்டாம்.

இத்தனை தேடலும் எதற்கு? எந்த இடத்தில் பழுது என்பதைப் பொறுத்துத்தான் யார் காசு கொடுப்பது என்பதும் முடிவாகிறது. கேஸ் இணைப்பில் ரெகுலேட்டர் கம்பெனியுடையது. தானாகக் கெட்டால் ஏஜென்சியில் மாற்றித் தருவார்கள், உடைத்தால் பணம் கட்ட வேண்டும். டியூப் நம்முடையது. அடுப்புக்குத் தனி கம்பெனி, தனி உத்தரவாதம். லேப்டாப்பிலும் அப்படித்தான்: மெஷினுக்கு மூன்று வருட உத்தரவாதம் வாங்கியிருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். போர்ட் நிற்பதோ சரியாக எல்லைக்கோட்டில். தினமும் நம் கை படும் இடம் என்பதால் “பிசிக்கல் டேமேஜ்” என்ற முத்திரை எளிதாக விழுகிறது. உள்ளே ஈயப் பற்று ஆரம்பத்திலிருந்தே சரியாக ஒட்டாமல் இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்.

அதனால் உத்தரவாதக் காலத்தில் தெருமுனைக் கடையில் திறக்க விடாதீர்கள். அந்தக் கைத்திறன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. உத்தரவாதம் முடிந்த மெஷினில் வட்ட முனை போர்ட் பல மாடல்களில் தனி வயரோடு வரும். சில நூறு ரூபாய் உதிரியில் வேலை முடிந்துவிடும். போர்டோடு பற்றவைத்த டைப்-சியையும் நுண்வேலை தெரிந்தவர் மாற்றித் தருவார். அதே பழுதுக்குக் கம்பெனி சென்டர் மதர்போர்டையே மாற்றச் சொல்லி பல ஆயிரம் கேட்கும். ஆனால் உத்தரவாதம் இருக்கும்போது ஒரு ஸ்க்ரூ திறந்திருந்தாலும் வாதம் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

கம்பெனி சென்டருக்குக் கொண்டுபோகும் முன் பழுதை வீடியோ எடுங்கள். போர்ட்டின் வாயையும் சுற்றியுள்ள உடலையும் நெருக்கத்தில் படம் எடுங்கள். கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் “கீறல் இல்லை, நசுங்கல் இல்லை” என்று எழுத வையுங்கள். உத்தரவாதத்தில் சரிசெய்ய மறுத்தால் காரணத்தைப் படத்தோடு எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாக வந்த மறுப்பை எங்கேயும் கொண்டுபோக முடியாது.

எழுத்து இருந்தால் வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ஒரு பெரிய வசதி செய்திருக்கிறது: கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். லாஸ்பேட்டைக்காரர் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். குறை எங்கே என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. பிரிக்கப்படாத மெஷினுக்கு அங்கேதான் மதிப்பு.

பழுது பார்த்து வந்த மெஷினைக் கவுண்டரிலேயே இயக்கிப் பாருங்கள். டைப்-சி என்றால் வயரை இரண்டு பக்கமும் திருப்பிச் செருகிப் பாருங்கள். மதர்போர்டு மாற்றியிருந்தால் பயாஸ் திரையைத் திறந்து, அங்குள்ள சீரியல் எண்ணை அடிப்பாகத்து ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். புதிய போர்டில் அந்த எண்ணை எழுதாமல் விட்டுவிடுவது நடக்கிற ஒன்று. காலியாக இருந்தால் அங்கேயே பதியச் சொல்லி, மாற்றிய பாகத்தின் பெயரும் தேதியும் உள்ள ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.