சூடு கூடினாலும் வம்பு... குறைஞ்சாலும் வம்பு!

பல்லுக்கு 'கேப்' போட்ட ஃப்ரெண்ட் யாராவது இருக்காங்களா? அது சிர்கோனியாவா இருக்க சான்ஸ் உண்டு. இந்த வெள்ளைப் பீங்கானை உருக்கி வார்ப்பதில்லை பாஸ்! பவுடரை அழுத்தி, சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் சுட்டு எடுப்பாங்க. இதுக்குப் பேர்தான் சின்ட்டரிங்.

சூட்டில் துகள்கள் ஒட்டிக்கிட்டு, இடையில் இருக்கும் ஓட்டைகள் மூடும். அதுக்கு மேலேயும் சூட்டை ஏத்தினா, நேரத்தை இழுத்தா? பெரிய 'கிரெய்ன்', பக்கத்துல இருக்கிற சின்ன கிரெய்னை முழுங்கி கொழுத்துடும். கொழுத்த கிரெய்ன் ஈரம் பட்டா சீக்கிரம் படிக அமைப்பை மாத்திக்கும். கூடவே கன அளவு சுமார் 4 சதவிகிதம் வீங்கும்... விரிசல் விழும். அதனால கிரெய்னை அரை மைக்ரான் அளவிலேயே நிறுத்தப் பார்ப்பாங்க.

பயந்துக்கிட்டு சூட்டைக் குறைச்சா? ஓட்டை மூடாது. ஈரம் அந்த வழியா உள்ளே போயிடும்!

நிஜமாவே நடந்த கதை இது. பிரான்சின் செயின்ட் கோபைன் நிறுவனம், செயற்கை இடுப்பு மூட்டுக்கான சிர்கோனியா பந்துகளைத் தயாரிச்சது. 1998-ல், லோடு லோடாகச் சுடுவதை விட்டு, வரிசையா நகர்ந்துக்கிட்டே சுடுபடும் டனல் ஃபர்னஸுக்கு மாறினாங்க. பொருள் அதே சிர்கோனியாதான். ஆனா, சில பேட்ச் பந்துகளில் நடுப்பகுதி சரியா வேகலை. 2001-ல், நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே சுமார் 400 பந்துகள் உடைஞ்சுபோக, உலகம் முழுக்க வாபஸ் வாங்கினாங்க.

ஸோ, லேப்ல ஃபர்னஸ் புரோகிராம் போடும்போது சீனியர் ரெக்கார்டுல இருக்கிற நம்பரை அப்படியே தட்டாதீங்க. என்ன வேகத்தில் ஏத்தணும், எங்கே நிறுத்தணும், எவ்வளவு நேரம் வைக்கணும்... மூணுக்கும் 'ஏன்'னு கேளுங்க!