மஞ்சட் புகையின் கீழ்: அந்தோனியோனியின் 'செம்பாலைவனம்' பற்றிய ஒரு மறுநோக்கு

இத்தாலிய நெறியாளர் மிக்கெலாஞ்சலோ அந்தோனியோனியின் முதலாவது வண்ணத் திரைப்படமான 'செம்பாலைவனம்' 1964ஆம் ஆண்டு வெளிவந்து, அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருதினைப் பெற்றது. ராவென்னா நகரில் ஆலை நிர்வாகி ஒருவரின் மனைவியான ஜூலியானாவின் மனக்குலைவே அதன் பொருள். அன்று அதனை வசதிபடைத்தோரின் விரக்திச் சித்திரமாகக் கொண்டோர் உளர். சூழல் நெருக்கடி முற்றியுள்ள இன்று, அதே படம் இயற்கையழிவை முன்னுணர்ந்த படைப்பெனப் போற்றப்படுகின்றது. இவ்விரு நோக்குகளும் உழைப்பாளரைக் காணத் தவறுகின்றன என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

படத்தின் களம் கற்பனையன்று. 1950களில் ராவென்னாப் பகுதியில் இயற்கை வாயு கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, அரசுக்குரிய ஏனி நிறுவனம் அங்கு பெற்றோலிய இரசாயன ஆலையை எழுப்பியது. இத்தாலியின் 'பொருளாதார அற்புதம்' இத்தகைய ஆலைகளிலேயே உருப்பெற்றது. அந்தோனியோனி மரங்களுக்கும் புல்லுக்கும் சாயம் பூசிப் படமாக்கினார். புதிய உற்பத்திமுறை மனிதரின் புலனுணர்வையே மாற்றியமைப்பதை நிறத்தின்வழி அவர் உணர்த்தினார். ஆயினும் அவர் ஆலையை வெறுத்தவரல்லர். அதன் கோடுகளிலும் வளைவுகளிலும் அழகு கண்டவர்.

படம் வேலைநிறுத்தத்துடன் தொடங்குகின்றது. ஜூலியானா தொழிலாளி ஒருவர் கடித்த ரொட்டியை விலைகொடுத்து வாங்கி, மறைவில் நின்று அவாவுடன் உண்கின்றாள். பின்னர் வேலைநிறுத்தம் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றது. பிறிதோரிடத்தில், பட்டகோனியாவுக்கு ஆட்சேர்க்கும் கொராதோவிடம் தொழிலாளர் அங்குள்ள வாழ்க்கைநிலை பற்றி வினவுகின்றனர். அவன் கவனமோ சுவரிலுள்ள நீலக்கோட்டின்மீது அலைகின்றது. கமராவும் அவனுடனேயே செல்கின்றது. படைப்பின் நேர்மையும் எல்லையும் ஒருங்கே புலப்படும் இடம் இதுவெனலாம். முகாமையாளனின் பாராமுகத்தை அது காட்டிக்கொடுக்கின்றது. எனினும் அப்பார்வையிலிருந்து தானும் விடுபடவில்லை.

இறுதிக் காட்சியில் ஆலையின் மஞ்சட் புகையைக் கண்ட சிறுவன், அதனூடே பறக்கும் பறவை இறந்துவிடுமா எனக் கேட்கின்றான். பறவைகள் அதனை அறிந்துகொண்டு விலகிப் பறக்கின்றன என்கிறாள் தாய். நச்சுச் சூழலுக்கு இசைந்து வாழப் பழகுதலே வழியென இது பொருள்கொள்ளப்படுவதுண்டு. ஆனால், விலகிச் செல்வதற்குப் பறவைக்கு வேறு வானம் உண்டு. ஆலைக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு அப்புகையின் கீழன்றி வேறிடம் ஏது? யார் விலகலாம், யார் விலகமுடியாது என்பதைத் தீர்மானிப்பது சொத்துறவே. இவ்வினாவை எழுப்பாத சூழலியல் நோக்கு, கொராதோவைப்போல் நீலக்கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.