குற்றம் ஆளிலா, அமைப்பிலா?

ஒரே மாவில், ஒரே தாச்சியில், ஒரே கை சுட்ட அப்பங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றின் கரை சற்றுக் கூடுதலாக முறுகியிருக்கும். இன்னொன்றின் நடு கொஞ்சம் தடித்திருக்கும். எந்த இரண்டு அப்பமும் அச்சொட்டாக ஒன்றுபோல் அமைவதில்லை. இதற்காக நாம் சுட்டவரைக் கோபிப்பதில்லை. ஆனால் ஓர் அப்பம் கருகிப்போனால், அடுப்பில் ஏதோ நடந்துவிட்டது என்று உடனே எழுந்துபோய்ப் பார்க்கிறோம்.

வீட்டில் இருக்கும் இந்த அறிவை நாம் சங்கங்களிலும் நிறுவனங்களிலும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஒரு மாதம் குறைகள் சற்றுக் கூடினால் ஒருவரைக் கூப்பிட்டு ஏசுகிறோம். மறுமாதம் குறைந்தால் பாராட்டுகிறோம். எது வழமையான ஏற்றத்தாழ்வு, எது உண்மையான மாற்றம் என்று பிரித்தறிவதில்லை. அப்படிப் பிரித்தறிய உதவும் முறைக்குப் புள்ளிவிபரவியல் செயன்முறைக் கட்டுப்பாடு என்று பெயர். பெயர்தான் பெரிது. அதன் அடிப்படையைக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவரும் கையாளலாம்.

முறை பிறந்த இடம்

அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகளைச் செய்த வெஸ்டேன் இலெக்றிக் நிறுவனத்தில் வோல்டர் ஷூஹாட் என்பவர் பணிபுரிந்தார். நிலத்தடியில் புதைக்கப்படும் கருவிகள் பழுதானால் தோண்டி எடுத்துத் திருத்துவது பெருஞ்செலவு. எனவே, செய்து முடித்தபின் பழுதைப் பொறுக்குவதைவிடச் செய்யும்போதே தரத்தைப் பேணுவது அவசியமாயிற்று. 1924 மே மாதம் ஷூஹாட் தம் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பொன்றை அனுப்பினார். அதில் ஒரு சிறிய வரைபு இருந்தது. அதுவே முதலாவது கட்டுப்பாட்டு வரைபு.

அவருடைய கருத்துகளைப் பின்பற்றிய எட்வேட்ஸ் டெமிங் 1950இல் யப்பானிய விஞ்ஞானிகள், பொறியியலாளர்கள் சங்கத்தின் அழைப்பில் அங்கு சென்று வகுப்புகள் நடத்தினார். போரில் நொந்திருந்த அந்நாட்டின் தொழிற்சாலைகள் இம்முறையை ஊக்கத்துடன் கைக்கொண்டன. 1951இல் அவர் பெயரால் அங்கு ஒரு பரிசும் நிறுவப்பட்டது.

இரண்டு வகைக் காரணங்கள்

ஏற்றத்தாழ்வுக்கான காரணங்கள் இரு வகைப்படும். முதலாவது பொதுக் காரணங்கள். இவை வேலையின் அமைப்புக்குள்ளேயே எந்நாளும் இருப்பவை: மூலப்பொருளின் தன்மை, வெப்பம், பழைய கருவி, போதாத பயிற்சி. இரண்டாவது விசேட காரணங்கள். இவை இடையிலே வந்து புகுபவை: ஒரு நாள் இயந்திரம் உடைந்தது, தராசு பிழைத்தது.

இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி விளங்கிக்கொண்டால் இரு பிழைகள் நேரும். வழமையான ஏற்றத்தாழ்வுக்கு ஒருவரைக் குற்றஞ்சாட்டுவோம். அல்லது உண்மையான கோளாற்றை வழமையென்று விட்டுவிடுவோம்.

ஓர் உதாரணம்

ஒரு பால் சேகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக எண்களை நாமே அமைத்துள்ளோம். புளித்ததனால் கழிக்கப்பட்ட பால், பத்து வாரங்களில், லீற்றரில்: 12, 15, 9, 14, 11, 16, 10, 13, 8, 12.

ஆறாம் வாரம் 16 லீற்றர் கழிந்தது. நிர்வாகக் குழு கூடிச் சேகரிப்பாளரைக் கண்டித்தது. ஏழாம் வாரம் 10 ஆகக் குறைந்தது. "பார்த்தீர்களா, ஏசினால்தான் வேலை நடக்கும்" என்றார்கள். இது சரியா? கணக்கைப் பார்ப்போம்.

பத்து எண்களின் சராசரி 12. இனி அடுத்தடுத்த வாரங்களுக்கிடையிலான வித்தியாசங்கள்: 3, 6, 5, 3, 5, 6, 3, 5, 4. இவற்றின் சராசரி ஏறத்தாழ 4.44. இதனை 2.66 என்ற மாறா எண்ணால் பெருக்கினால் 11.8 வரும். அதைச் சராசரியுடன் கூட்டினால் மேல் எல்லை 23.8, கழித்தால் கீழ் எல்லை 0.2.

ஆகவே 16உம் 10உம் எல்லைகளுக்குள்ளேயே இருக்கின்றன. கண்டித்திராவிட்டாலும் உயர்ந்த எண்ணுக்குப் பின் தாழ்ந்த எண் வருவது இயல்பே. சேகரிப்பாளர் வீணாக அவமானப்பட்டார். குழுவோ பிழையான பாடத்தைக் கற்றுக்கொண்டது.

பதினோராம் வாரம் 29 லீற்றர் கழிந்தது என்று வையுங்கள். இது எல்லைக்கு வெளியே. உடனே தேடவேண்டும். லொறி வழியில் நின்று பால் மதியம்வரை வெயிலில் கிடந்தது தெரியவரலாம். அதைத் திருத்துவதற்கு வழி உண்டு.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எல்லைக்குள் இருப்பதெல்லாம் நல்லது என்று பொருளல்ல. வாரம் 12 லீற்றர் கழிவது மாடு வளர்ப்பவருக்கு நட்டமே. அதைக் குறைக்க வேண்டுமானால் அமைப்பையே மாற்றவேண்டும்: கான்களைக் கழுவச் சுடுநீர், நிழலான இடம், முந்திவரும் லொறி. இவற்றைச் செய்யும் அதிகாரம் சேகரிப்பாளரிடம் இல்லை, நிர்வாகத்திடமே உண்டு.

சிவப்பு மணிகள்

இதனை உணர்த்த டெமிங் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் 3200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். வந்தவர்களில் ஆறு பேர் "தொழிலாளர்". ஐம்பது குழிகள் கொண்ட பலகையைப் பெட்டிக்குள் அமிழ்த்தி மணிகளை எடுப்பதே வேலை. சிவப்பு மணி பழுதான பொருள். ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கையில், எவர் எடுத்தாலும் பத்துக்குக் கிட்டவே சிவப்பு வரும். ஆயினும் டெமிங் குறைவாக எடுத்தவரைப் புகழ்வார், கூடுதலாக எடுத்தவரைக் கண்டிப்பார், சிலரை வேலைநீக்கமும் செய்வார். பார்ப்போர் சிரிப்பர்; பின்னர் தம் வேலைத்தலத்தை நினைத்து மௌனமாவர். குறைபாடுகளில் 94 வீதம் அமைப்பைச் சார்ந்தவை என்பது அவருடைய மதிப்பீடு.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரேயொரு விடயத்தைத் தெரிவுசெய்யுங்கள்: கழிந்த பால், பொதியின் நிறை, பிந்திய கடன் தவணை.

2. ஒரே விதமாக அளந்து, நாள் தவறாது எழுதுங்கள். பத்து எண்களுடன் தொடங்கலாம். இருபது கிடைத்தால் எல்லைகளை மேலும் நம்பலாம்.

3. வரைபுத்தாளில் புள்ளியிட்டு, சராசரிக் கோட்டையும் எல்லைக் கோடுகளையும் வரைந்து, எல்லோரும் காணும் இடத்தில் மாட்டுங்கள்.

4. எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தாலோ, தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கத்தில் நின்றாலோ காரணம் தேடுங்கள்.

5. மற்ற வேளைகளில் ஆளை விட்டு அமைப்பைத் திருத்துங்கள். வேலை செய்பவரையே முதலிற் கேளுங்கள். குறை எங்கே என்று அவருக்குத் தெரியும்.

எச்சரிக்கை ஒன்று. இவ்வரைபைத் தண்டிக்கும் கோலாக்கினால் மக்கள் வேலையைத் திருத்தமாட்டார்கள், எண்களைத் திருத்துவார்கள். அதன்பின் வரைபால் பயனில்லை.

கனி கொடாத அத்திமரத்தைப் பற்றி இயேசு சொன்ன உவமை நமக்குத் தெரியும். மூன்று வருடம் பார்த்த உரிமையாளர் வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரரோ, இன்னும் ஒரு வருடம் கேட்டு, சுற்றிலும் கொத்தி எருப்போட முன்வருகிறார். அவர் மரத்தை ஏசவில்லை, மண்ணைப் பார்த்தார். நம்முடன் உழைப்பவர்களிடம் கனி காணாதபோது, நாமும் முதலில் மண்ணைப் பார்ப்போமா?