ஒரு கரண்டி உறைமோர்: சட்டமறுப்பு எப்படி இயங்குகிறது?

திருநின்றவூரில் ராத்திரி பாலுக்கு உறை ஊற்றிவிட்டுப் படுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பாத்திரத்துக்குள் நடப்பது தெரிந்தவர்களுக்குச் சட்டமறுப்பும் புரிந்துவிடும். 1930-இல் நடந்த வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் பால் வேண்டும். அதாவது, எல்லா வீட்டையும் தொடுகிற ஒரு குறை. அப்போது உப்பு அரசின் பிடியில் இருந்தது. கடலோரத்தில் தானாக விளைந்த உப்பை அள்ளினாலும் குற்றம். கஞ்சிக்கு உப்புப் போடாத வீடு ஏது? அதனால் யாருக்கும் விளக்கிச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, காய்ச்சிய பாலை ஆறவிட வேண்டும். கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் கிடைக்காது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கோபம் இருக்கலாம், கை ஓங்கக் கூடாது. கல்லெறிந்தால் தடியடிக்கு அரசு காரணம் காட்டிவிடும். அடிபட்டும் திருப்பி அடிக்காதவரை இழுத்துப்போனால், பார்ப்பவர் மனம் அவர் பக்கம் சாயும். ஒளிவுமறைவும் கூடாது. காந்தி உப்புச் சட்டத்தை மீறத் தண்டிக்குக் கிளம்புமுன் வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிச் சொல்லிவிட்டார். மீறுவதையும் சொல்லிச் செய்து, தண்டனையையும் ஏற்பதால்தான் இது திருட்டு ஆகாது.

பிறகு ஒரு கரண்டி உறைமோர். ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜியோடு நடந்தவர்கள் சுமார் நூறு பேர்தான். தஞ்சை கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று அறிவித்தார். பாத்திரம் முழுக்க உறையத் தொடங்கியது அதற்கப்புறம்தான். அதுவரை வேடிக்கை பார்த்த வீடுகளும் இப்போது பணிவதா மறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று. மக்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். இது மறைவாகச் செய்ததுதானே என்று கேட்கலாம். ஆமாம்; ஆனால் சிறைக்குப் போக முடியாத குடும்பங்களுக்கும் இப்படித்தான் பங்கு கிடைத்தது. எத்தனை மரங்களுக்குப் போலீஸ் காவல் நிற்கும்?

ஏப்ரல் 30-இல் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். ஆறு மாதச் சிறை. மற்றவர்கள் தொடர்ந்து அள்ளினார்கள்.

கடைசியாகக் காத்திருக்க வேண்டும். 1931-இல் காந்தி-இர்வின் ஒப்பந்தம், உப்பு விளையும் ஊர்க்காரர்கள் வீட்டுத் தேவைக்கு எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. சட்டம் அப்படியே நின்றது. உப்பு வரி ஒழிய 1947 வரை ஆயிற்று.