யமுனையில் வெள்ளமா? அபாய மணி அடிக்கும் இரும்பு பாலம்!

டெல்லி யமுனையில் வெள்ளம் என்றால் எல்லோரது கண்ணும் பழைய ரெயில் பாலத்தின் மீதுதான் இருக்கும். ஊர் மக்கள் வைத்த பெயர், 'லோஹே கா புல்' (இரும்பு பாலம்).

வெள்ளைக்காரன் காலத்தில், 1866-ல் கட்டியது. இரும்பு சட்டங்களை குறுக்கும் நெடுக்குமாக பின்னி, கூண்டு மாதிரி செய்த 12 கண்கள். கூண்டின் மேல் ரெயில், உள்ளே வண்டிகள். பாரம் முழுவதையும் சட்டங்கள் பகிர்ந்து தூண்களில் இறக்கி விடும்.

ஆற்றின் நீர்மட்டத்தை அளப்பதும் இங்கேதான். அபாய அளவு 205.33 மீட்டர். இது ஆழம் இல்லீங்க, கடல் மட்டத்தில் இருந்து கணக்கிடும் உயரம். 2023 ஜூலை 13-ந்தேதி இது 208.66 மீட்டருக்கு எகிறியது. 1978-ல் பதிவான 207.49 மீட்டர்தான் அதுவரை உச்சம். ரெயில், வண்டி எதையும் பாலத்தில் விடவில்லை.

அபாய அளவை தண்ணீர் தாண்டினால், கரையோர குடிசைவாசிகள் மூட்டை முடிச்சை கட்ட வேண்டியதுதான்!