கிண்டி சான்றிதழில் ‘ஹி’யை அடிச்சுட்டு ‘ஷி’ எழுத வைத்த அப்பா!

காலை 7 மணிக்கு சேக்காடு, பட்டாபிராம், ஆவடி பக்கம் போனால், ஐடி கார்டு மாட்டிக்கொண்டு காலேஜ் பஸ்ஸுக்காக நிற்கும் மாணவிகளைப் பார்க்கலாம். அதில் பாதிப் பேர் இன்ஜினீயரிங். இன்னிக்கு இது சாதாரணம். ஆனா, 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் முதல் மாணவிகள் காலடி வைத்தது 1940-களையொட்டித்தான்!

அதுக்குக் காரணமானவர், அதே கல்லூரியின் மின் பொறியியல் பேராசிரியர் பப்பு சுப்பாராவ். அவருடைய மகள் லலிதா, 1919-ல் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவரை இழந்தபோது கையில் நாலு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணுக்கு வீட்டின் மூலைதான் மிச்சம். லலிதாவோ ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து என்ன? டாக்டராகலாம். ஆனா, நடுராத்திரியில் கூப்பிட்டாலும் ஓடணும், குழந்தையை யார் பார்ப்பது? அதனால், ஆபீஸ் நேரத்தோடு முடிகிற இன்ஜினீயரிங் வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

அப்பா என்ன செய்தார்?

‘பொண்ணுங்களுக்கு இங்கே சீட் இல்லை’ன்னு அவர் ஒதுங்கிப் போகலை. முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம்.ஸ்டேதமின் அனுமதியும் கிடைத்தது. அடுத்த சிக்கல், தனிமை. நூற்றுக்கணக்கான பையன்கள் நடுவில் ஒரே ஒரு பெண். லீலம்மா ஜார்ஜ், பி.கே.த்ரேசியா என்ற இருவர் சிவில் பிரிவில் சேர்ந்ததும் ஹாஸ்டலில் துணை கிடைத்தது. த்ரேசியா பிறகு கேரள பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரானார்.

லலிதா பட்டம் பெற்றது 1943-ல். சான்றிதழில் அச்சாகியிருந்த ‘ஹி’யை அடித்துவிட்டு, ‘ஷி’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் அவர்தான்.

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, அப்பாவோடு புகையில்லா அடுப்பு ஆராய்ச்சி எனப் போனது வாழ்க்கை. 1948-ல் கொல்கத்தாவில் ஏ.இ.ஐ நிறுவனத்தில் சேர்ந்து மின்பாதை, துணைமின் நிலைய வடிவமைப்பு செய்தார். பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் பணியிலும் அவர் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டில் கலந்துகொண்டார். 1979-ல் மறைந்தார்.

நமக்கு என்ன இருக்கு இதில்?

ஒரு பெண் படிக்க சீட் மட்டும் போதாது. பேச ஒரு ஆள், தங்க பாதுகாப்பான இடம், கூட ரெண்டு தோழிகள், பணம் எல்லாம் வேணும். இன்னிக்கு இதில் சிலவற்றை அரசே தருது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு, 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஏ.ஐ.சி.டி.இ-யின் பிரகதி உதவித்தொகையில் தேர்வானால் வருஷத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கணும். மாணவிகளை அதிகப்படுத்த 2018 முதல் ஐ.ஐ.டி-க்களில் கூடுதல் இடங்களும் உண்டு.

‘பொண்ணுக்கு எதுக்கு மெக்கானிக்கல்?’னு உங்க வீட்டில் யாராவது கேட்டா, தங்கச்சிக்காகப் பேசுங்க. சுப்பாராவ் செய்த முதல் வேலையும் அதுதான்.