மொபெட் மக்கர் செய்கிறதா? பிளக்கைப் பாருங்கள்!

நாமக்கல் வட்டாரத்தில் பால் கேனையும் தீவன மூட்டையையும் சுமக்கும் பழைய மொபெட்டுகள் இன்னும் ஓடுகின்றன. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலுடன் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. அதனால் பிளக்கில் கரி பிடிக்கும். பால் ஊற்றும் நேரத்தில் வண்டி கிளம்பாது.

எஞ்சின் ஆறியபின், சுற்றியுள்ள புழுதியை ஊதிவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். முனை பழுப்பாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் மிகுதி அல்லது ஏர் பில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் சூடு அதிகம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயிலைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி.

கரியைப் பெட்ரோல் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, நன்கு உலரவிடுங்கள். இடைவெளியைக் கையேட்டு அளவுக்குச் சரிசெய்யப் பக்கக் கொக்கியை மட்டும் வளையுங்கள், நடுமுனையை நெம்பக்கூடாது. மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள். ஸ்பானரைக் கடைசியில்தான் போடவேண்டும். இல்லையேல் மரை போய்விடும்.

புதிது வாங்கும்போது மரை, நீளம், வெப்ப எண் மூன்றும் பொருந்த வேண்டும். பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடு தாங்கி நிற்கும் வகை, என்.ஜி.கே.யில் எண் கூடினால் சூட்டை விரைந்து கடத்தும் வகை. கம்பெனி மாறினால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பொருந்தாத சூட்டுப் பிளக் பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும். பழைய பிளக்கைக் கடைக்குக் கொண்டுபோய், ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றைத் துணியில் சுற்றி வண்டியிலேயே வைத்திருங்கள்.